குற்றவாளிக் கூண்டும் ஆஸ்பத்திரிக் கட்டிலும்

டெலிவிஷன் தொடர்களைப் பற்றி, அதுவும் விண்வெளிக் கப்பல்களும் ரப்பர் ஒட்டிய முகங்களும் வருகிற தொடர்களைப் பற்றி, இந்தப் பக்கங்களில் எழுத நேரும் என்று நான் நினைத்ததில்லை. ஜனரஞ்சகம் என்ற ஒரு சொல்லால் இவற்றை ஒதுக்கிவிடுகிற பழக்கம் எனக்கும் உண்டு. அந்தப் பழக்கத்துக்காக நான் வெட்கப்படவும் இல்லை. பத்துக்கு ஒன்பது தடவை அது சரியாகவே இருந்திருக்கிறது. ஆனால் நண்பர் ஒருவர் விடாப்பிடியாகக் கையில் திணித்த குறுந்தகடுகளில் ஒன்று என் தூக்கத்தைக் கெடுத்தது. 'டூயட்' என்று அதன் பெயர். 'ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்' என்ற அமெரிக்கத் தொடரில் 1993 ஜூனில் ஒளிபரப்பான பகுதி. முக்கால் மணி நேரம். ஒரு சிறை அறை, இரண்டு பேர், பேச்சு. அவ்வளவுதான். செலவை மிச்சப்படுத்த இருக்கிற செட்டுகளுக்குள்ளேயே ஒன்றை எடுத்தாக வேண்டும் என்ற நிர்ப்பந்தத்தில் பிறந்தது. பணமில்லாமை கலைக்குச் செய்த உபகாரங்களில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அதைப் பற்றிச் சொல்லுமுன் அந்த நண்பரோடு எனக்கிருக்கும் தகராறைச் சொல்லிவிட வேண்டும். இந்தத் தொடர்களெல்லாம் போரிலிருந்து திரும்பியவனின் மனவடுவைப் பற்றியவை, அதனால்தான் இவை முக்கியம் என்பது அவர் கட்சி. எனக்கு அந்தச் சொல்லிலேயே உடன்பாடில்லை. 'ட்ராமா' என்பது கிரேக்கத்தில் காயம். உடம்பைப் பற்றிய சொல். பின்னால்தான் மனசுக்கு வந்தது. தமிழில் அதை மனவடு என்கிறோம். புண் ஆறும், வடு ஆறாது என்று வள்ளுவர் பிரித்து வைத்திருப்பது பள்ளிப்பிள்ளைக்கும் தெரியுமாதலால், மொழிபெயர்த்தவர் தெரிந்தோ தெரியாமலோ மூலத்தைவிட நல்ல சொல்லையே பிடித்துவிட்டார். இருக்கட்டும். புண்ணானாலும் வடுவானாலும் அது ஒருவன்மேல் பட்டது. அவன் செய்தது அல்ல. குற்றம் வேறு. காயம்பட்டவன் வைத்தியனைத் தேடுகிறான். குற்றம் செய்தவன், அதை அவன் உணர்ந்திருக்கிற பட்சத்தில், தேடுவது ஒரு விசாரணையை. இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னதைச் செய்தாய் என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொல்வதை. போர்க்களத்திலிருந்து வந்தவனிடம் இரண்டும் ஒரே உடம்பில் இருக்கின்றன. அதனால் ஒன்றை மற்றொன்றாகப் பேசிவிடுவது சுலபமாகிவிடுகிறது. அந்தச் சுலபத்தைத்தான் நான் சந்தேகிக்கிறேன்.

அமெரிக்காவில் இது எப்படி நடந்தது என்பதைப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். 1971 ஜனவரி கடைசியில் டெட்ராய்ட் நகரில் வியட்நாமிலிருந்து திரும்பிய நூற்றுக்கு மேற்பட்டவர்கள் கூடி, தாங்கள் செய்ததையும் கண்ணால் கண்டதையும் மூன்று நாள் வரிசையாகச் சொன்னார்கள். சிறைப்பட்டவர்களை, கிராமத்தாரை என்ன செய்தோம் என்று. எந்த நீதிமன்றமும் அழைக்காமல், தாங்களாகவே சாட்சிக் கூண்டு ஒன்றைச் செய்துகொண்டு அதில் ஏறி நின்றார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் ராபர்ட் ஜே லிஃப்டன் போன்ற மனநல வைத்தியர்கள் நியூயார்க்கில் அவர்களோடு வட்டமாக உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். இந்த முயற்சிகளின் பலனாக 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் ஒரு புதுப் பெயர் ஏறியது. அதனால் ஆயிரக்கணக்கானவர்களுக்கு வைத்தியமும் உதவித்தொகையும் கிடைத்தன. அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்தப் பட்டியலில், பிழைத்துக் கிடந்ததற்காகவும் பிழைப்பதற்காகச் செய்ததற்காகவும் வருகிற குற்ற உணர்வு ஒரு நோய்க்குறி. 1987-ல் பட்டியலைத் திருத்தியபோது அது பிரதானக் குறிகளிலிருந்தும் நீங்கியது. கூண்டில் ஏறி நின்றவனைக் கையைப் பிடித்து இறக்கிக் கட்டிலில் படுக்க வைத்தாயிற்று. கூண்டு காலியாகவே இருக்கிறது.

விஞ்ஞானக் கதைத் தொடர்கள் இதே பாதையில்தான் நடந்து வந்திருக்கின்றன என்பது என் எண்ணம்.

ராட் ஸெர்லிங்கிலிருந்து ஆரம்பிப்பதுதான் நியாயம். 1943-ல் பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு ராணுவத்தில் சேர்ந்தவர். பாராசூட் படையில் பிலிப்பைன்ஸின் லெய்டே தீவிலும் பிறகு மணிலாவிலும் போரிட்டார். ஆகாயத்திலிருந்து போட்ட உணவுப் பெட்டி ஒன்று விழுந்து, சிரித்துப் பேசிக்கொண்டிருந்த நண்பன் கண்ணெதிரே செத்ததைப் பார்த்தவர். எதிரியின் குண்டு அல்ல, தன் பக்கத்துச் சோற்றுப் பெட்டி. இந்த அபத்தம் அவருடைய எழுத்தை விட்டுப் போகவேயில்லை. டெலிவிஷனுக்கு நேரடியான சமூக நாடகங்கள் எழுதிப் பார்த்தார். மிஸிஸிப்பியில் 1955-ல் கொல்லப்பட்ட கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில்லின் வழக்கை வைத்து அவர் எழுதியதை, விளம்பரம் தருகிறவர்களும் அவர்களுக்குப் பயந்தவர்களும் அடையாளம் தெரியாமல் வெட்டினார்கள். பிறகுதான் 'ட்விலைட் ஸோன்'. 1959 முதல் 1964 வரை 156 பகுதிகள். அரசியல்வாதியின் வாயில் வரக்கூடாதது செவ்வாய்க் கிரகவாசியின் வாயில் வரலாம் என்று கண்டுகொண்டார். வேஷம் போட்டால் உண்மை பேச அனுமதி. நம் கூத்தில் கட்டியங்காரனுக்கு உள்ள சௌகரியம்.

1960 பிப்ரவரியில் வந்த 'தி பர்பிள் டெஸ்டமென்ட்' 1945-ல் பிலிப்பைன்ஸில் நடக்கிறது. அடுத்துச் சாகப் போகிறவன் முகத்தில் ஒரு வெளிச்சம் ஒரு லெஃப்டினன்ட்டுக்குத் தெரிகிறது. கடைசியில் கண்ணாடியில் தன் முகத்திலேயே பார்க்கிறான். இது காயத்தின் கதை, நன்றாகவே இருக்கிறது, அதோடு விட்டுவிடலாம். 1961 டிசம்பரில் வந்த 'எ குவாலிட்டி ஆஃப் மெர்ஸி' வேறு ரகம். ஒரு குகையில் அடிபட்டுப் பசியோடு கிடக்கிற ஜப்பானியர்களைக் கொன்றுவிட வேண்டும் என்று துடிக்கிற இளம் அமெரிக்க அதிகாரி, கண்மூடித் திறப்பதற்குள் 1942-ல் கொரெகிடோர் தீவில் ஜப்பானிய அதிகாரியாக நிற்கிறான். குகைக்குள் இப்போது அடிபட்டுக் கிடப்பவர்கள் அமெரிக்கர்கள். மறுபடியும் பழைய உடம்புக்குத் திரும்பும்போது ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த செய்தி வருகிறது. குகையைத் தாக்க வேண்டாம் என்று உத்தரவு. உபதேசம் கொஞ்சம் தூக்கல்தான். இருந்தாலும் ஸெர்லிங் இங்கே செய்வதைக் கவனிக்க வேண்டும்: அவர் அந்த அதிகாரிக்கு வைத்தியம் பார்க்கவில்லை. எதிராளியின் இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறார். அது ஒரு விசாரணை முறை.

அதே வருஷம் நவம்பரில் வந்த 'டெத்ஸ்-ஹெட் ரீவிஸிட்டட்' இன்னும் வெளிப்படையானது. பழைய நாஜி கேப்டன் ஒருவன் தாக்காவ் முகாமைப் பார்க்கச் சுற்றுலாப் பயணிபோல் வருகிறான். அங்கே செத்தவர்கள் அவனுக்கு நீதிமன்றம் கூட்டுகிறார்கள். அப்போது ஜெருஸலத்தில் ஐக்மனின் வழக்கு முடிந்து தீர்ப்புக்குக் காத்திருந்தது. ஆனால் செத்தவர்கள் கொடுக்கிற தண்டனை என்ன? பைத்தியம். கடைசிக் காட்சியில் டாக்டர் வந்து ஊசி போட்டு மயங்க வைத்து எடுத்துக்கொண்டு போகிறார். கூண்டு முடிகிற இடத்தில் கட்டில் ஆரம்பமாவது 1961-லேயே தெரிகிறது. ஸெர்லிங் இதை உணர்ந்து செய்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

இந்தத் தொடரிலேயே மிகக் கோணலான, அதனால் மிகவும் யோசிக்க வைக்கிற பகுதி ஸெர்லிங் எழுதியதல்ல. மார்ட்டின் கோல்ட்ஸ்மித் எழுதி 1964 மே 1-ம் தேதி வந்த 'தி என்கவுன்ட்டர்'. ஒருமுறை ஒளிபரப்பானதோடு அமெரிக்க மறு ஒளிபரப்புகளிலிருந்து அதைப் பல பத்தாண்டுகள் ஒதுக்கி வைத்தார்கள். ஃபென்டன் என்ற பழைய சிப்பாய், வேலையும் மனைவியும் போய், பியர் குடித்துக்கொண்டு மச்சைச் சுத்தம் செய்கிறான். தோட்ட வேலை கேட்டு ஒரு ஜப்பானிய வம்சாவளி இளைஞன் வருகிறான். மச்சில் ஒரு வாள் கிடக்கிறது. யுத்தத்தில் ஒரு ஜப்பானிய அதிகாரியிடமிருந்து எடுத்தது. கதவு தானாக இறுகிக்கொள்கிறது. சண்டையில் கொன்றேன் என்று ஃபென்டன் முதலில் சொல்கிறான். பேச்சு முற்ற முற்ற உண்மை வருகிறது. அந்த அதிகாரி ஆயுதத்தைப் போட்டுவிட்டுச் சரணடைந்தவன். ஃபென்டனாக நடித்த நெவில் பிராண்ட் ஐரோப்பாவில் போரிட்டுப் பதக்கம் வாங்கியவர். அந்த ஒப்புதலின்போது அவர் முகத்தில் நடிப்பு என்று சொல்ல முடியாத ஏதோ ஒன்று வந்து போகிறது.

இதுவரை சரி. இங்கே நின்றிருந்தால் இது ஒரு மகத்தான நாடகம். ஆனால் எழுதியவருக்கு ஒரு பயம் வந்துவிட்டது. அமெரிக்கச் சிப்பாயின் குற்றத்தை மட்டும் மேடையில் தனியாக நிற்கவிட முடியவில்லை. தராசின் மறு தட்டில் ஏதாவது போட்டாக வேண்டும். அதனால் அந்த இளைஞனும் ஒரு ஒப்புதல் தருகிறான்: பேர்ல் ஹார்பரில் வேலை பார்த்த தன் தகப்பன் ஜப்பானிய விமானங்களுக்குச் சமிக்ஞை காட்டிய துரோகி என்று. முடிவில் ஃபென்டன் வாளில் விழுந்து சாகிறான். இளைஞன் வாளைத் தூக்கிக்கொண்டு ஜப்பானியப் போர்க் கூச்சலோடு ஜன்னல் வழியே குதிக்கிறான். ஹவாயில் வாழ்ந்த ஜப்பானியர் யார் மீதும் அப்படி ஒரு காரியம் நிரூபணமானதே கிடையாது. அந்தச் சந்தேகத்தின் பெயரால்தான் ஏறக்குறைய 1,20,000 பேர் அமெரிக்க நிலப்பகுதியில் முள்வேலி முகாம்களில் அடைக்கப்பட்டார்கள்; 1988-ல் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டுத் தலைக்கு 20,000 டாலர் கொடுத்தது. இளைஞனாக நடித்தவர் ஜார்ஜ் டகேய். சின்னக் குழந்தையாக அந்த முகாம்களில் வளர்ந்தவர். தன் தகப்பன் தலைமுறைமேல் சுமத்தப்பட்ட பொய்யை, அந்தப் பொய்க்காகச் சிறையில் வளர்ந்த வாயாலேயே ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. ஒருவனுடைய உண்மையான குற்றத்தைத் தாங்கிக்கொள்ளப் பக்கத்தில் இருக்கிறவனுக்கு ஒரு பொய்யான குற்றம் தயாரிக்கப்படுகிறது. சமநிலை என்று பத்திரிகைகளும் விமர்சகர்களும் போற்றுகிற குணத்தின் யோக்கியதை இதுதான். டகேய் இரண்டு வருஷம் கழித்து 'ஸ்டார் ட்ரெக்' கப்பலில் மாலுமியானார்.

அந்த 'ஸ்டார் ட்ரெக்' வம்சத்தின் பிந்திய தொடர்களுக்கு வருவோம். 1991 ஜனவரியில் 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரில் வந்த 'தி வூண்டட்' என்ற பகுதியில் கார்டாஸியர் என்ற இனம் முதல்முதலாகத் தோன்றுகிறது. ஓ'பிரையன் என்ற சாதாரணத் தொழில்நுட்பச் சிப்பாய், பழைய எதிரியான ஒரு கார்டாஸியனோடு மது அருந்தியபடி, தான் முதல்முதலில் ஒருவனைக் கொன்றதைச் சொல்கிறான். யாரோ வீசிய துப்பாக்கியைப் பிடித்துச் சுட்டான். அதன் விசை உச்சத்தில் வைக்கப்பட்டிருந்தது தெரியாது. எதிரே நின்றவன் கண் முன்னால் இல்லாமல் போய்விட்டான். அதற்கு முன் ஒரு கொசுவைக்கூட வேண்டுமென்று கொன்றதில்லை. தான் வெறுப்பது அந்தக் கார்டாஸியனை அல்ல, அவர்களால் தான் என்னவாக ஆனேனோ அதை என்கிறான். நல்ல இடம். ஆனால் கூர்ந்து கேட்டால் அந்த வாக்கியத்துக்குள்ளேயே ஒரு நழுவல் இருக்கிறது. 'உங்களால்' என்ற சொல். செய்தவன் தன்னைச் செய்யப்பட்டவனாக மாற்றிக்கொள்கிற சொல் அது. தலைப்பே காயம்பட்டவன் என்றுதானே இருக்கிறது.

இதே ஓ'பிரையன் 'டீப் ஸ்பேஸ் நைனி'ல் 1996-ல் வந்த 'ஹார்ட் டைம்' என்ற பகுதியில் இருபது வருஷச் சிறைவாசத்தின் நினைவுகளைச் சில மணி நேரத்தில் மூளைக்குள் ஏற்றிக்கொண்டு திரும்புகிறான். இல்லாத அந்தச் சிறையில், இல்லாத ஒரு தோழனை, ஒரு வாய்ச் சோற்றுக்காகக் கொன்றிருக்கிறான். தற்கொலைக்குப் போகிறான். டாக்டர் தடுத்து மருந்து கொடுக்கிறார். அடுத்த வாரம் சிரித்துக்கொண்டு வேலைக்கு வருகிறான். பிறகு அதைப் பற்றிப் பேச்சே இல்லையென்று சொல்லிவிடலாம். இது கதாசிரியரின் தவறு மட்டுமல்ல, வாராந்திரத் தொடர் என்ற வடிவத்தின் சுபாவம். நினைவு திரும்பத் திரும்ப வருவது. வாராந்திரத் தொடரோ ஒவ்வொரு வாரமும் மறந்தாக வேண்டிய ஒன்று. இரண்டுக்கும் ஒத்துப்போகாது.

நண்பருக்கு மிகவும் பிடித்தது 1998 டிசம்பரில் வந்த 'இட்ஸ் ஒன்லி எ பேப்பர் மூன்'. காலை இழந்த நோக் என்ற இளைஞன், யந்திரம் உண்டாக்கிய 1962-ம் வருஷத்து லாஸ் வேகாஸ் கேளிக்கை விடுதியில் போய் ஒளிந்துகொள்கிறான். அங்கே பாடுகிற ஒரு மாயப் பாடகன் அவனை மெல்ல வெளியே அனுப்புகிறான். அழகாகவே செய்திருக்கிறார்கள். நான் கண் கலங்கியதை மறைக்கவில்லை. ஆனால் ஒரு மாதத்துக்கு முன்னால் வந்த 'தி சீஜ் ஆஃப் ஏஆர்-558'ஐ, நோக் கால் இழந்த அந்தச் சண்டையை, மறக்காமல் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். அதை இயக்கிய வின்ரிக் கோல்பே வியட்நாமுக்குப் போய் வந்தவர். அதில் ஒரு சிப்பாய் செத்த எதிரிகளிடமிருந்து எடுத்த மருந்துக் குழாய்களை மாலையாகப் போட்டிருக்கிறான். எதிரி புதைத்த கண்ணுக்குத் தெரியாத கண்ணிகளைக் கண்டுபிடித்து அவற்றையே எதிரி வருகிற பாதையில் வைக்கிறார்கள். அந்த எதிரிகள் ஒரு போதை மருந்துக்கு அடிமைகளாகவே பிறப்பிக்கப்பட்டவர்கள். நோக் கண்ணீர் விடுவது தன் காலுக்காக, தன் சாவு பற்றிய பயத்துக்காக. அந்தக் கண்ணிகளில் சிதறியவர்களைப் பற்றி அந்த விடுதியில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கட்டிலில் படுத்திருக்கிறவனிடம் அதைக் கேட்பது நாகரிகமில்லை. கட்டிலின் சௌகரியமே அதுதான்.

பி.பி.சி.யின் 'டாக்டர் ஹூ' பற்றி ஒரு பத்திக்கு மேல் வேண்டாம். 2005-ல் அதைப் புதுப்பித்தபோது கதாநாயகன் ஒரு மகா யுத்தத்தின் கடைசி மிச்சம்; யுத்தத்தை முடிக்கத் தன் இனத்தையே, தன் உலகத்தையே அழித்தவன். அந்த நாளில் அங்கே எத்தனை குழந்தைகள் இருந்தன என்று அவன் எண்ணியிருக்கிறான்: 247 கோடி. எட்டு வருஷம் இந்தப் பாரம் தொடரை ஒரு மனுஷத் தன்மையோடு வைத்திருந்தது. 2013 நவம்பரில், ஐம்பதாவது ஆண்டு விழாச் சந்தோஷத்தில், காலயந்திரத்தில் ஏறிப் போய் அந்தச் செயலையே நடக்காமல் செய்துவிட்டார்கள். கொல்லவே இல்லையாம், ஒளித்து வைத்திருந்தானாம். குற்றம் என்பதன் முதல் இலக்கணம் அதைத் திரும்ப எடுக்க முடியாது என்பது. அதை எடுத்துவிட்ட பிறகு எட்டு வருஷமும் அவன் அனுபவித்தது வெறும் ஞாபகப் பிசகு. ரசிகர்கள் கைதட்டினார்கள்.

கட்டில் பாதையின் கடைசி எல்லையை 2016-ல் 'பிளாக் மிரர்' தொடரின் 'மென் அகெய்ன்ஸ்ட் ஃபயர்' காட்டிவிட்டது. தலைப்பு எஸ்.எல்.ஏ. மார்ஷல் 1947-ல் வெளியிட்ட புத்தகத்தினுடையது. சண்டையில் பெரும்பாலான சிப்பாய்கள் துப்பாக்கியை இயக்குவதே இல்லை என்று சொன்ன புத்தகம். அவருடைய கணக்குகளைப் பிறகு பலரும் ஏற்கவில்லை. இந்தக் கதையில் சிப்பாயின் மண்டைக்குள் ஒரு கருவி. அது கொல்லப்பட வேண்டியவர்களைக் கோர மிருகங்களாகக் காட்டும், அவர்கள் அலறலை மழுங்கடிக்கும். ஒருவனுக்கு அது பழுதாகி, தான் சுட்டவை மனித முகங்கள் என்று தெரிந்துவிடுகிறது. மனநல அதிகாரி பொறுமையாக, அன்பாகக்கூட, இரண்டு வழி சொல்கிறார்: நினைவை அழித்துக்கொள், அல்லது சிறையில் உட்கார்ந்து நீ செய்ததைத் திரும்பத் திரும்பப் பார். அவன் எதைத் தேர்ந்தான் என்பது கடைசிக் காட்சியில் தெரிகிறது. பதக்கங்கள் தொங்க ஒரு பாழ்வீட்டின் முன் நிற்கிறான். அவன் கண்ணுக்கு மட்டும் அது அழகான வீடு. இந்தக் கதை நையாண்டிதான், சந்தேகமில்லை. ஆனால் இதற்கு முன் சொன்ன தொடர்கள் மெய்யாகவே விரும்பியதை இது வாய்விட்டுச் சொல்கிறது. இதில் அந்த அதிகாரி வில்லன் அல்ல, வைத்தியர்.

இப்போது 'டூயட்'.

ஐம்பது வருஷம் கார்டாஸியர் பிடியில் இருந்து விடுபட்ட பஜோர் என்ற உலகம். பிள்ளைப் பிராயத்திலேயே ஆயுதம் எடுத்துப் போராடிய கீரா இப்போது விண்வெளி நிலையத்தில் அதிகாரி. அங்கே வந்து இறங்குகிற ஒரு பயணிக்கு ஒரு நோய் இருக்கிறது. காலிடெப் என்ற அடிமைச் சுரங்க முகாமில் நடந்த ஒரு விபத்தின்போது அங்கே இருந்தவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய நோய். பயணி கார்டாஸியன். அப்படியானால் அவன் அங்கே காவலாக இருந்தவன். கைது செய்கிறாள். தான் மாரிட்ஸா, வெறும் கோப்பு குமாஸ்தா என்கிறான். பழைய புகைப்படம் ஒன்றைத் தேடிப் பிடித்துப் பார்த்தால் இவன் முகம் முகாமின் தலைவன் டர்ஹீலின் முகம். உடனே அவன் மாறுகிறான். ஆமாம், நான்தான் டர்ஹீல் என்று மார்தட்டுகிறான். செய்ததை ருசித்து ருசித்துச் சொல்கிறான். ஹாரிஸ் யூலின் என்ற நடிகர் அந்தக் கொக்கரிப்பில் ஒரு நூலிழை அதிகமாகப் போகிறார். இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் அந்த அதிகம் எதற்கு என்று புரிகிறது. டர்ஹீல் செத்து ஆறு வருஷமாகிவிட்டது. விபத்து நடந்த நாளில் அவன் முகாமிலேயே இல்லை. இவன் மெய்யாகவே குமாஸ்தா. முகத்தை அறுத்து மாற்றிக்கொண்டு, சொத்து பத்துகளை ஒழுங்கு பண்ணி, வீட்டு வேலைக்காரிக்கு ஒரு தொகை ஒதுக்கிவிட்டு, பிடிபடுவதற்காகவே இங்கே வந்திருக்கிறான்.

ராபர்ட் ஷா 1967-ல் நாவலாகவும் பிறகு நாடகமாகவும் எழுதிய 'தி மேன் இன் தி கிளாஸ் பூத்' இதற்கு முன்மாதிரி. அதில் ஒரு யூதன் நாஜியாக வேஷம் போடுகிறான். 'டூயட்' அதைத் திருப்பிப் போட்டிருக்கிறது, திருப்பியதில் மூலத்தைவிட ஆழமாகவும் போயிருக்கிறது. ஜெருஸலத்துக் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்ற ஐக்மன் தன்னைச் சிறிதாக்கிக்கொண்டே போனான்: நான் பெரிய யந்திரத்தின் சின்னத் திருகாணி, உத்தரவுக்குக் கீழ்ப்படிந்த ஊழியன். நியூரம்பர்க்கிலிருந்து இன்றுவரை கூண்டில் ஏறியவர்கள் பலரும் பேசியது அந்த பாஷைதான். மாரிட்ஸா தன்னைப் பெரிதாக்கிக்கொள்கிறான். நிஜமாகவே திருகாணியாக இருந்தவன், நான்தான் யந்திரம் என்கிறான். ஏன்? திருகாணிக்குக் கூண்டு கிடையாது. ராத்திரிகளில் அலறலைக் கேட்கப் பொறுக்காமல் காதைப் பொத்திக்கொண்டு படுத்திருந்தேன், நான் கோழை என்று கடைசியில் உடைந்து அழுகிறானே, அந்தச் செயலுக்கு எந்தச் சட்டத்திலும் பெயர் இல்லை. காதைப் பொத்தியது குற்றமா? மறுநாள் காலை எழுந்து செத்தவர்களின் கணக்கைப் பிசகில்லாமல் கோப்பில் ஏற்றியது? அதற்கு ஒரு விசாரணை வேண்டும் என்றால் பெரிய குற்றவாளியின் முகத்தைக் கடன் வாங்கித்தான் கூண்டில் ஏற முடியும். தான் தூக்கில் தொங்கினால் தன் இனம் தன்னைப் பார்த்தாவது ஒப்புக்கொள்ளும் என்று நினைக்கிறான்.

தலைப்பு ஏன் 'டூயட்' என்பதும் இங்கேதான். கீராவுக்கும் அவன் டர்ஹீலாக இருக்க வேண்டியிருக்கிறது. ஒரு குமாஸ்தாவைத் தண்டிப்பதில் அவளுக்கு எந்த நிறைவும் இல்லை என்பதைத் தோழியிடம் அவளே ஒப்புக்கொள்கிறாள். அடிபட்டவளுக்கு ஒரு ராட்சசன் தேவை. உடந்தையாக இருந்தவனுக்கு ராட்சசனாகிவிட ஆசை. இரண்டு குரலும் ஒரே ராகத்தில் சேர்கிற அந்தக் கொஞ்ச நேரம் பயங்கரமானது. ஒன்று சேர்ந்து ஒரு பொய்யை உண்மையாக்கிவிடப் பார்க்கிறார்கள்.

பிறகு உண்மை தெரிந்து கீரா அவனை விடுதலை செய்கிறாள். நீ அந்தக் கொலைகளில் பங்காளியில்லை, உன்னால் அதைத் தடுத்திருக்க முடியாது, நீ சாவதும் இன்னொரு கொலைதான், உன் உலகத்துக்கு உன்னைப் போன்றவர்கள் தேவை என்கிறாள். முதல் தடவை பார்த்தபோது இந்த இடத்தில் எனக்கு மனசு நிறைந்தது. நண்பரிடமும் அப்படியே சொன்னேன். இப்போது அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அவள் கருணையோடுதான் பேசுகிறாள். ஆனால் அந்தக் கருணை அவன் கேட்டதை மறுக்கிறது. அவளும் வைத்தியம்தான் பார்க்கிறாள். காலிடெப்பில் செத்தவர்கள் சார்பில் அவனைப் பங்காளியில்லை என்று சொல்ல அவளுக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்? அவன் பங்கு சின்னது. சின்னது என்பதும் இல்லை என்பதும் ஒன்றல்ல. அந்தச் சின்னப் பங்கின் அளவுக்குச் சரியாகச் செய்த ஒரு கூண்டு, அதைத்தான் அவன் உலகம் முழுக்கத் தேடி வந்தான். அவள் கதவைத் திறந்துவிட்டு, போகலாம் என்கிறாள். வெளியே நடக்கும்போது ஒரு பஜோரியன் பின்னாலிருந்து கத்தியால் குத்துகிறான். இவன் டர்ஹீல் இல்லையே, ஏன் என்கிறாள் கீரா. கார்டாஸியன்தானே, அது போதும் என்கிறான் குத்தியவன். போதாது என்கிறாள், மெதுவாக.

நான்கு வருஷம் கழித்து, 1997 ஜனவரியில், 'தி டார்க்னஸ் அண்ட் தி லைட்' என்ற பகுதி வந்தது. கீராவின் பழைய போராட்டத் தோழர்கள் ஒவ்வொருவராகக் கொல்லப்படுகிறார்கள். கொல்கிறவன் பிரின் என்ற கார்டாஸியன். ஆக்கிரமிப்புக் காலத்தில் ஒரு அதிகாரியின் வீட்டில் சீருடைகளைச் சலவை செய்து மடித்து வைக்கிற வேலைக்காரன். கீரா அந்த வீட்டுக்கு வைத்த வெடியில் முகத்தில் ஒரு பக்கம் வெந்து போனவன். இருட்டில் ஒளிந்தபடி கேட்கிறான்: நான் யாரைக் கொன்றேன்? துப்பாக்கி தொட்டதுண்டா? கோப்பு குமாஸ்தாவிடம் அத்தனை கருணை காட்டியவள் சட்டை தேய்ப்பவனிடம் சொல்கிற பதில் வேறு. துப்பாக்கி பிடித்தாயோ சட்டை தேய்த்தாயோ, எங்கள் மண்ணில் உட்கார்ந்து எங்கள் சோற்றைத் தின்றாய். நீங்கள் எல்லோருமே குற்றவாளிகள். தொடர் எழுதுகிறவர்கள் மாறிக்கொண்டே இருப்பதால் பழையதை மறந்துவிட்டார்கள் என்கிறார் நண்பர். இருக்கலாம். அது மறதியோ திட்டமோ, எனக்கு அக்கறையில்லை. இரண்டு பகுதிகளையும் ஒரே ராத்திரியில் அடுத்தடுத்துப் பார்த்தேன். கீரா பிரினைக் கொன்றுவிடுகிறாள். தோழர்கள் வந்து சேரும்போது பிரமை பிடித்தவள்போல் நின்று, ஒன்றுமறியாதவன் என்பது சில சமயம் குற்றவாளியின் சாக்கு மட்டும்தான் என்கிறாள். பிரினுக்கு அது காதில் விழாது. மாரிட்ஸாவிடம் அந்தச் சிறை அறையில் அவள் இதைச் சொல்லியிருந்தால், அவன் தலையை ஆட்டிக்கொண்டு, நன்றியோடு கேட்டிருப்பான்.